காரைநகரிலிருந்து பருத்தித்துறை வரை கரையோரமாகச் சைக்கிளில்: எந்தப் பக்கமிருந்து தொடங்குவது?

வெள்ளவத்தைப் பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஓகஸ்ட் விடுமுறைக்கு நானும் தங்கச்சியும் யாழ்ப்பாணம் வருகிறோம். அப்பம்மா வீடு சுழிபுரத்தில். ஒவ்வொரு முறையும் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் கோயிலுக்குப் போய், சொந்தக்காரர் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். இந்த முறை குடாநாட்டின் கரையைச் சைக்கிளில் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறோம். நாலைந்து நாள் ஒதுக்கலாம்.

வரைபடத்தில் பார்த்து இப்படி யோசித்திருக்கிறேன்: சைக்கிள்களை முதலில் பஸ்ஸிலோ வானிலோ பருத்தித்துறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு, பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, கீரிமலை, மாதகல், காரைநகர், ஊர்காவற்துறை, கடைசியில் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாண டவுன். பார்க்க ஒரே கோடாகத்தான் தெரிகிறது.

இது சரியான திசையா? பலாலிப் பக்கம் கரையோரமாகப் போக விடுவார்களா? அப்பம்மா வீட்டில் ஒரு பழைய லுமாலா சைக்கிள் நிற்கிறது, இன்னொன்று வாடகைக்கு எடுக்கலாம். அது போதுமா, கியர் சைக்கிள் வேண்டுமா? தங்கச்சிக்கு 17 வயது. கொழும்பில் காலி வீதியில் ஓட்ட வீட்டில் விடுவதில்லை, ஆனால் நன்றாக ஓட்டுவாள். பொம்பிளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் சைக்கிளில் கூட்டிப் போகலாமா என்று அம்மா கேட்கிறா. நெடுந்தீவையும் வெற்றிலைக்கேணியையும் சேர்க்கலாமா என்றும் சொல்லுங்கள்.

அல்வாய் ரீச்சர்:

தம்பி, முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் பெண் பிள்ளைகள் சைக்கிளில் போவது யாரும் திரும்பிப் பார்க்கும் காரியம் இல்லை. போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளில் ஓடியபோது நாங்கள் பள்ளிக்கும் ரியூசனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதில்தான் போனோம். இன்றைக்கும் விடிய ஆறரைக்கு எந்தச் சந்தியில் நின்றாலும் வெள்ளைச் சட்டையோடு பிள்ளைகள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். நான் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் சைக்கிளில்தான் போகிறேன். விடுமுறையில் மருமகள்மாரைக் கூட்டிக்கொண்டு கரையோரம் போவதும் உண்டு. இருட்டுவதற்கு முன் தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள், அவ்வளவுதான். காலி வீதியை விட எங்கள் ஒழுங்கைகள் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும்.

இனி உங்கள் திட்டம். தயவுசெய்து திசையை மாற்றுங்கள். ஓகஸ்டில் நீங்கள் போட்ட கோட்டின் பெரும்பகுதியை எதிர்க்காற்றில் மிதிக்க வேண்டி வரும்.

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இறக்கம் இல்லை. கீரிமலை என்று பெயரில் மலை இருக்கிறதே தவிர, அங்கேயும் மிதிக்கச் சிரமப்படும் ஏற்றம் எதுவும் கிடையாது. ஆகவே சைக்கிளில் போகிறவருக்கு இங்கே கணக்குப் பார்க்க வேண்டியது காற்றைத்தான். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோழகம், தென்மேற்கிலிருந்து. வெயில் ஏற ஏற அதுவும் பலமாகும், பின்னேரம் இறங்கும். மாரி தொடங்கினால் வாடை, வடகிழக்கிலிருந்து. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுவதும் அந்த வாடையில்தான். எங்கள் வடக்குக் கரை காரைநகரிலிருந்து பருத்தித்துறை வரை வடகிழக்காகவும் கிழக்காகவும் போகிறது. அதனால் சோழகத்தில் மேற்கிலிருந்து கிழக்கே போனால் காற்று முதுகில் தள்ளும். தை, மாசியில் வருகிறவர்களுக்கு உங்கள் திட்டம் அப்படியே சரி. ஓகஸ்டில் தலைகீழாக்க வேண்டும். அப்பம்மா வீடு சுழிபுரத்தில் இருப்பது இதற்கு நல்ல வசதி, வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம்.

முதல் நாளைத் தீவுப் பக்கத்துக்குக் கொடுங்கள், சாமான் ஒன்றும் இல்லாமல். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டு, பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குப் போங்கள். அந்தப் பாலத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இரண்டு பக்கமும் கடல்நீர், காற்றும் எதிரில். ஆனால் அந்த நேரத்தில் காற்று இன்னும் எழும்பியிருக்காது. கசூரினாக் கடற்கரையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, துறைக்குப் போய்ப் பாதையில் ஏறுங்கள். பாதை என்று நாங்கள் சொல்வது காரைநகருக்கும் ஊர்காவற்துறைக்கும் நடுவில் ஆட்களையும் சைக்கிள், மோட்டார்சைக்கிளையும் ஏற்றிப் போகும் மிதவையை. நடுக்கடலில் தெரிவது ஒல்லாந்தர் கால கடற்கோட்டை. ஊர்காவற்துறையில் இறங்கி வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி வழியாகப் பண்ணைப் பாலத்துக்கு வரும்போது மத்தியானக் காற்று எழும்பியிருக்கும். அது இப்போது உங்கள் பின்னால். அந்தப் பாலத்தில் சோழகம் தள்ளத் தள்ள, யாழ்ப்பாணக் கோட்டை கண்முன்னால் வளர்ந்துகொண்டே வருவதைத் தங்கச்சி மறக்கமாட்டாள். டவுனில் சாப்பிட்டு இளைப்பாறி, வெயில் தாழ்ந்த பிறகு அராலி, வட்டுக்கோட்டை வழியாகச் சுழிபுரம். முழுவதும் 50 கிலோமீற்றருக்குச் சற்று மேல் வரும். மற்ற நாட்களை விட இதுதான் நீளம். கால் நொந்தால் இரவு அப்பம்மா வீட்டில் எண்ணெய் பூசிக்கொண்டு படுக்கலாம், அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

அடுத்த நாள் நேரம் நிறைய இருக்கும். தூரம் 20 கிலோமீற்றர் அளவுதான். திருவடிநிலை, மாதகல், சம்பில்துறை, சேந்தாங்குளம், கீரிமலை, காங்கேசன்துறை. அசோகச் சக்கரவர்த்தியின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்கிய ஜம்புகோளப் பட்டினம் என்று சொல்வது இந்தச் சம்பில்துறையைத்தான். கீரிமலையில் கட்டாயம் குளியுங்கள். கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊற்று; ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. ஆடி அமாவாசை அன்று மட்டும் தவிருங்கள். பிதிர்க்கடன் செய்ய வருகிற சனத்துக்கு நடுவில் சைக்கிளை உருட்டக்கூட இடம் இராது. மதியத்துக்குள் காங்கேசன்துறையில் இருப்பீர்கள். அறையில் பையை வைத்துவிட்டு, பின்னேரம் மயிலிட்டி வரை போய் வாருங்கள். 1990இல் சனம் இடம்பெயர்ந்து போன ஊர் அது. துறைமுகம் 2017இல்தான் விடுபட்டது. இப்போது வள்ளங்கள் வந்து நிற்பதையும், இடிந்த வீட்டுச் சுவர்களுக்குப் பக்கத்தில் புதுச் சுவர் எழும்புவதையும் நின்று பாருங்கள். என்னுடைய சிநேகிதி ஒருத்தி அந்த ஊர். சின்ன வயதில் விட்டுப் போன வளவை அவள் கிணற்றை வைத்துத்தான் அடையாளம் கண்டாள்.

பலாலி. வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிவது இங்கேதான் அறுகிறது. விமான நிலையமும் இராணுவப் பகுதியும் கரைக்குக் குறுக்கே கிடக்கின்றன. 2025 ஏப்ரலில் வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியை 35 வருடங்களுக்குப் பிறகு திறந்தார்கள். அதில் எங்களுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. ஆனால் திறந்தபோதே காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை என்ற நேரமும், இடையில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, நடந்து போகக் கூடாது என்ற கட்டுப்பாடுகளும் வந்தன. சைக்கிளில் ஒரு முள் ஏறினால் நிறுத்தத்தானே வேண்டும், உருட்டிக்கொண்டு நடக்கத்தானே வேண்டும்? அதனால் அந்த வழியை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். கட்டுப்பாடு தளர்ந்திருக்கிறதா என்று நீங்கள் வரும் கிழமையில் தெல்லிப்பழையில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

என் வழி உள்ளால். காங்கேசன்துறை, தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், புன்னாலைக்கட்டுவன், புத்தூர், அச்சுவேலி, தொண்டைமானாறு. கடலை விட்டு விலகுகிறோமே என்று கவலைப்பட வேண்டாம். சுன்னாகம் தாண்டியதும் செம்மண் தோட்டங்கள் தொடங்கும். புத்தூருக்கு முன்னால் நிலாவரைக் கிணறு. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் கடலோடு தொடர்பு இருப்பதால் வருவது இது. கீரிமலை ஊற்றும் இதே சுண்ணாம்புக் கல் செய்கிற வேலைதான். ஆகவே உள்ளால் போனாலும் கடல் உங்களுக்குக் கீழே இருந்துகொண்டுதான் இருக்கும்.

மத்தியானத்துக்குச் செல்வச்சந்நிதியில் நில்லுங்கள். அன்னதானக் கந்தன் என்று சும்மா சொல்வதில்லை. மடங்களில் வருகிறவர் யார் எவர் என்று கேட்காமல் சோறு போடுவார்கள். இலையைப் போட்டு உட்காருங்கள், அதற்குப் பிறகு ஆற்றங்கரையில் மர நிழலில் ஒரு மணித்தியாலம் படுங்கள். கோயில் திருவிழாவும் ஆவணியில்தான் வரும், அந்த நாட்களானால் வீதி நிரம்பி வழியும்.

தொண்டைமானாற்றிலிருந்து பருத்தித்துறை வரை கடல் இடப்பக்கம் உங்களோடே வரும். இந்தத் துண்டுதான் முழுப் பயணத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது, பிறந்த ஊர்ப் பக்கம் என்பதற்காக மட்டும் இல்லை. வல்வெட்டித்துறையில் நின்று தங்கச்சிக்கு இரண்டு விசயம் சொல்லுங்கள். இந்தக் கரையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறை வரை போய்ச் சேர்ந்தது. இரண்டாவது, ஆழிக்குமரன் ஆனந்தன். பாக்கு நீரிணையை நீந்தியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் 1979இல் கொழும்பில் 187 மணித்தியாலத்துக்கு மேல் நிற்காமல் சைக்கிள் ஓடியவரும்கூட. இதை எங்கள் பிள்ளைகளிலேயே பலர் அறிந்திருக்கவில்லை என்பது எனக்கு மனவருத்தம். சைக்கிளில் இந்த ஊரால் போகிற பிள்ளைக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

பருத்தித்துறையில் முனைக்குப் போய் வெளிச்சவீட்டைப் பாருங்கள். அங்கிருந்து மேற்கே கொஞ்சம் தள்ளிச் சக்கோட்டை, இலங்கையின் வட அந்தம். ஓடக்கரையில் தட்டை வடை வாங்கிப் பையில் போடுங்கள், நாள் கணக்கில் கெடாது. வழிச் சாப்பாட்டுக்கு அதை மிஞ்சியது இல்லை.

வெற்றிலைக்கேணியை இந்த முறை விடுங்கள். பருத்தித்துறைக்குக் கீழே கரை தென்கிழக்காகத் திரும்புகிறது, சோழகம் வலப்பக்கத்தால் அடிக்கும், நிழல் இல்லை, கடைகளும் தூரம் தூரம். அதற்குப் பதில் விடிய வெளிக்கிட்டு வல்லிபுரக் கோயில், பிறகு மணற்காடு, அவ்வளவோடு திரும்புங்கள். மணற்காட்டில் மணல்மேடுகளும் சவுக்கங்காடும், மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களும் இருக்கின்றன. 2004 சுனாமியில் நிறைய உயிர் போன கரை அது, கடற்கரையில் சத்தம் போட்டு விளையாடாமல் கொஞ்சம் அமைதியாக நில்லுங்கள். ஒருவேளை நாகர்கோவில் பக்கம் போனால் தார் வீதியை விட்டு இறங்க வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து முகமாலை, கிளாலி வரை போர்க்காலத்தில் முன்னரங்கு இருந்த இடம். மிதிவெடி எடுத்த இடங்களும் எடுக்காத இடங்களும் உங்களுக்குத் தெரியாது. சிவப்புப் பலகை கண்டால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

இன்னொன்று. ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழா 25 நாள். டவுனில் அறை கிடைப்பது கடினம், கோயிலைச் சுற்றி வீதிகளும் மூடியிருக்கும். காங்கேசன்துறையிலும் பருத்தித்துறையிலும் அறையை இப்போதே சொல்லி வையுங்கள்.

நெல்லியடி ஒட்டுக்கடை:

ரீச்சர் வழியைச் சொல்லிவிட்டா, நான் சைக்கிளைச் சொல்கிறேன். லுமாலா தாராளமாகப் போதும். எங்கள் தட்டை நிலத்துக்குக் கியர் அவசியம் இல்லை. காற்றுக்கு எதிரே போகும்போது உதவும், அவ்வளவுதான். பழைய சைக்கிள் என்றபடியால் வெளிக்கிட முன் ஒரு கடையில் கொடுத்து இரண்டு றிம்மையும் கம்பி இறுக்கி நெளிவு எடுங்கள், பிறேக் கட்டை நாலையும் மாற்றுங்கள், கிண்ணத்தில் கிறீஸ் போடச் சொல்லுங்கள். ரயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் யோசிக்காமல் புது ரயர். நிறைய நாள் நின்ற சைக்கிளில் ரயர்தான் முதலில் கைவிடும்.

வாடகைக்கு எடுப்பது வெளிநாட்டுச் சைக்கிள் என்றால் ரியூப்பில் காத்தடிக்கிற வால்கட்டையைப் பாருங்கள். சிலவற்றில் மெல்லிசாக, உச்சியில் திருகு வைத்து இருக்கும். அதற்குக் காத்தடிக்க ஊர்க் கடைப் பம்மில் வாய் இராது, ரியூப்பும் கிடைக்காது. அப்படியானால் இரண்டு ரியூப்பும் பம்மும் நீங்களே கொண்டு வர வேண்டும். சாதாரண ரியூப் என்றால் ஒவ்வொரு சந்தியிலும் ஒட்டுவார்கள். ஓரத்துக்கு இறங்கினால் நெருஞ்சி முள், தீவுப் பக்கம் உடைமுள். நின்று படம் எடுத்துவிட்டு ஏறும்போது ரயரைக் கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். முள் முழுதாக இறங்குவதற்குள் பிடுங்கிவிடலாம்.

கடற்காற்றும் மணலும் சங்கிலியை ஒரே நாளில் கரகரக்க வைக்கும். இரவில் துணியால் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். நிறைய விட்டால் மணல் ஒட்டும். கசூரினாவில் மணலுக்குள் சைக்கிளை இறக்காதீர்கள், கரையில் மரத்தோடு பூட்டுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர் போத்தலாவது கரியரில் கட்டுங்கள்.

தீவான்:

நெடுந்தீவு பற்றி ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தீவு வீட்டு முற்றம் போல, அதனால் சொல்கிறேன்: நாலைந்து நாள் பயணத்துக்குள் அதைத் திணிக்காதீர்கள், தனியாக வாருங்கள். படகு ஏறும் குறிகாட்டுவான் டவுனிலிருந்து 30 கிலோமீற்றர் அளவு. வேலணை தாண்டி புங்குடுதீவுக்குப் போகும் நீண்ட பாலத்தில் சோழகம் சைக்கிளைத் தள்ளி விழுத்தப் பார்க்கும். பிறகு ஒரு மணித்தியாலம் கடல். ஓகஸ்டில் அந்தக் கடல் சும்மா இராது, பழக்கமில்லாதவர்களுக்குத் தலை சுற்றும். கடல் அடித்தால் படகு ஓடாமல் ஒரு நாள் கூடத் தங்க வேண்டியும் வரலாம். மாசி, பங்குனியில் வாருங்கள், கடல் குளம் மாதிரிக் கிடக்கும். சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. பவளக்கல் வேலிகளுக்கு நடுவில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டு, பெருக்குமரம் வரை ஆறுதலாகப் போகலாம்.

பாதை விசயத்தில் ரீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அது அடிக்கடி திருத்த வேலைக்கு நிற்கும். முந்தின நாள் பின்னேரமே காரைநகரில் யாரிடமாவது கேட்டுவிடுங்கள். ஓடவில்லை என்றால் பொன்னாலைப் பாலத்தாலேயே திரும்பி வர வேண்டும், வேறு தரைவழி இல்லை. தீவுக் கிணறுகள் பெரும்பாலும் உவர். குடிக்கிற தண்ணீரை நாங்களே விலைக்கு வாங்கும் இடங்கள் உண்டு. போத்தலை நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

வெள்ளவத்தைப் பெடியன்:

ரீச்சர், அண்ணாமார், எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்கு ரீச்சர் எழுதியதை வாசித்துக் காட்டினேன், சம்மதம் கிடைத்துவிட்டது. தங்கச்சி ஆழிக்குமரன் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கிவிட்டாள். ஒரே ஒரு கேள்வி மிச்சம்: காற்று தள்ளித் தள்ளிப் பருத்தித்துறை வரை போய்விட்டால், திரும்பிச் சுழிபுரத்துக்கு வருவது அதே காற்றுக்கு எதிரே அல்லவா? சைக்கிளைக் கொழும்புக்கு ரயிலில் கொண்டுபோகவும் முடியுமா?

அல்வாய் ரீச்சர்:

நல்ல கேள்வி தம்பி. இரண்டு வழி இருக்கிறது.

மிதித்தே திரும்ப விருப்பம் என்றால், கடைசி நாள் விடிய ஐந்து மணிக்கு முன் பருத்தித்துறையில் ஏறிவிடுங்கள். கரையால் வேண்டாம், அங்கே காற்றை மறைக்க ஒன்றும் இல்லை. நெல்லியடி, அச்சுவேலி, புத்தூர், சுன்னாகம், சங்கானை என்று ஊருக்குள்ளால் வாருங்கள். வீடும் மதிலும் வடலியும் காற்றைப் பாதி பிடித்துவிடும். ஒன்பது மணிக்குக் காற்று எழும்பும்போது நீங்கள் சுன்னாகச் சந்தையில் நிற்பீர்கள், மிச்சத் தூரம் கொஞ்சம்தான். முன்னால் ஒருவர், பின்னால் ஒட்டியபடி ஒருவர், இரண்டு கிலோமீற்றருக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். நீங்களே முழு நேரமும் முன்னால் போகாமல் அவளையும் விடுங்கள், அவளுக்கு அது பிடிக்கும்.

களைத்துவிட்டால் பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றை ஹயருக்குப் பிடியுங்கள். இரண்டு சைக்கிளையும் பின்னால் படுக்கப் போட்டுக் கயிற்றால் கட்டலாம். தங்கும் இடத்தில் கேட்டால் ஆள் பிடித்துத் தருவார்கள், கூலியை ஏறும் முன்னரே பேசுங்கள். ரியூசன் முடித்து வருகிற என் மருமகளும் மழை பெரிதாகப் பிடித்தால் அப்படித்தான் வீட்டுக்கு வருவாள்.

ரயிலில் சைக்கிளைப் பார்சலாகப் போடலாம், ஆனால் எல்லா ரயிலிலும் ஏற்றமாட்டார்கள். பார்சல் பெட்டி இணைக்கிற ரயில் எது, எத்தனை மணிக்கு முன் கொடுக்க வேண்டும் என்று யாழ்ப்பாண நிலையத்தில் முந்தின நாளே போய்க் கேளுங்கள். கொடுக்கும் முன் பெடலைக் கழற்றி, ஹான்டிலைத் திருப்பி, பெயரை மட்டையில் எழுதிச் சட்டத்தில் கட்டிவிடுங்கள். லுமாலாவைக் கொண்டுபோக வேண்டாம், அப்பம்மா வீட்டிலேயே நிற்கட்டும். தை மாதம் வாடைக்கு வரும்போது அதிலேயே வெற்றிலைக்கேணிக்குப் போகலாம்.